புகையை விட்டு 22 ஆண்டுகள் ஆன அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

அப்பாவுக்கு 74 வயது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தவர், 2003இல் அடியோடு விட்டுவிட்டார். இப்போது ஈரச்சந்தைக்குப் போய்த் திரும்பும்போது மேம்பாலப் படிகளில் பாதியில் நின்றுவிடுகிறார். காலையில் கோழையோடு இருமல். கேட்டால், வயதாகிவிட்டது என்கிறார். புகையை விட்டு 22 ஆண்டுகள் ஆனவருக்கு நுரையீரல் நோய் வராது, இது முதுமைதான் என்று என் அண்ணனும் உறுதியாகச் சொல்கிறார். அது சரிதானா?

2 மார்ச் 2025, இரவு

உங்கள் அண்ணன் சொல்வது சரியில்லை. இதே எண்ணத்தை நம்பி நானும் நான்கு ஆண்டுகளை வீணாக்கியவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இருபத்தைந்து வயதுவாக்கில் நுரையீரல் தன் முழு வலுவை எட்டுகிறது. அதன்பின் புகைக்காதவர்களுக்கும் அது ஆண்டுதோறும் கொஞ்சம் குறைந்துகொண்டேதான் போகும். மூச்சை நிறைய இழுத்து, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறோம் என்பதை வைத்து அதை அளக்கிறார்கள். லண்டனில் வேலைபார்த்த ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பிளெட்சர், பீட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் எழுதியதுதான் இன்றைக்கும் இந்த விஷயத்துக்கு அடிப்படை. புகைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தக் குறைவு மிக வேகமாக நடக்கிறது என்றும், புகையை விட்டால் அந்த வேகம் தணிகிறதே தவிர இழந்தது திரும்பி வருவதில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். பின்னாளில் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 11 ஆண்டுகளுக்குப் பிறகு அளந்தபோது, தொடக்கத்திலேயே புகையை விட்ட ஆண்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மி.லி.யும், விடாத ஆண்களுக்கு 66 மி.லி.யும் குறைந்திருந்தன.

நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். துரு தின்ற தகட்டைச் சுரண்டிச் சாயம் பூசினால், மேற்கொண்டு துரு ஏறாது. ஆனால் தின்று போன கனம் திரும்பாது. 12 மி.மீ. தகடு 8 மி.மீ. ஆகியிருந்தால் அது 8தான். உங்கள் அப்பா 2003இல் சாயம் பூசிவிட்டார், அது மிக நல்ல காரியம். அதற்கு முன் எவ்வளவு கனம் போயிற்று என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

எனக்கு 72 வயது. 1998இல் புகையை விட்டேன். 2015வாக்கில் மூச்சு வாங்கத் தொடங்கியபோது நானும் வயதையே காரணம் சொன்னேன். 2019 தைப்பூசத்தில் பால்குடத்தோடு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயிலுக்கு நடக்கும்போது மூன்று இடங்களில் நிற்க வேண்டியதாயிற்று. என்னைவிட நான்கு வயது மூத்த அத்தை மகன் நிற்காமல் நடந்து, போய்ச் சேர்ந்து, எனக்காகக் காத்திருந்தார். அவரைப் பார்த்த பிறகு வயதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் வயதுக்காரர்களோடு சமதரையில் நடக்கும்போது அப்பா பின்தங்குகிறாரா என்று கவனியுங்கள். மருத்துவர்களும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள்.

4 மார்ச் 2025

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது, அது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சிஓபிடி, நன்றாக முற்றும் வரை எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கக்கூடும். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனைதான் தேவை. மூக்கை ஒரு கவ்வியால் அடைத்து, மூச்சை முழுவதுமாக இழுத்து, ஒரே வீச்சில் ஊதி, ஆறு வினாடிகளாவது விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிறகும், முதல் வினாடியில் வந்த காற்று மொத்தக் காற்றில் 0.70 பங்குக்குக் கீழே இருந்தால், அடைப்பு நிலையாக இருக்கிறது என்று பொருள்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் என்னும் அரசு மருத்துவ நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆஸ்துமாவும் சிஓபிடியும் 2008இலிருந்து நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். கட்டணச் சலுகை தரும் சாஸ் அட்டையும் உதவும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

9 மார்ச் 2025

முதல் குறிப்பில் சிகரெட்டைப் பற்றி மட்டுமே எழுதிவிட்டேன் என்று இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. வயதான ஆண்கள் மருத்துவரிடம் போனதும் வரும் முதல் கேள்வி, புகைப்பீர்களா என்பது. விட்டுவிட்டேன் என்றதும் பல நேரங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி வருவதில்லை. வந்தாலும் நாம், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சிகரெட்டே பெரிய காரணம் என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. வசதியான நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களின் நோய்க்குப் புகைபிடித்தலே காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் வேலையிடத் தூசியும் ஆவியும் புகையும் சிஓபிடியில் ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்குக் காரணம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவர் சங்கங்கள் 2019இல் கூட்டாகக் கணித்தன. ஒருபோதும் புகைக்காதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். 1971இல், 18 வயதில், ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தேன். பழுதுபார்க்க வரும் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை. நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பொதிந்திருப்பார்கள். அதை உடைத்தெடுப்பது வேறு குழுவின் வேலை. ஆனால் அவர்கள் உடைக்கும்போது நாங்களும் அதே அறையில்தான் நட்டு கழற்றிக்கொண்டிருப்போம். விளக்கொளியில் தூசி மின்னுவது அழகாகக்கூட இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொள்வோம். அந்தப் பட்டறையில் அந்நாளில் எங்களுக்கு வேறு எதுவும் தரப்படவில்லை. நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேரும் துகள் சில மைக்ரான் அளவுதான். துண்டு பெரிய தூசியைப் பிடித்துவிட்டு, கெடுதல் செய்யும் நுண்துகளை உள்ளே விட்டுவிடும். கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் நாங்களும் கூடுதல் நேரம் நின்றோம்.

அடுத்தது வெல்டிங். எண்ணெய்த் தொட்டிக்குள், ஆள் நுழையும் ஒரே ஓட்டையைத் தவிரக் காற்றுக்கு வழியில்லாத இடத்தில் வேலை நடக்கும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்த இரவில் குளிர்காய்ச்சல் வரும், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போய்விடும். பால் குடித்தால் சரியாகும் என்று எல்லாரும் சொல்வார்கள், குடித்தோம். பால் போவது வயிற்றுக்கு. மூச்சில் போன புகையை அது என்ன செய்யும்? அந்தக் காய்ச்சல் தானாகவே போகக்கூடியது, பாலுக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் புகையை வருடக்கணக்கில் இழுத்தவர்களுக்கு மூச்சுக்குழல் அழற்சியும், நிமோனியாவுக்கு எளிதில் ஆளாகும் நிலையும் ஏற்படுகின்றன. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் வகைப்படுத்தியது. மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை நீக்கும் சேண்ட் பிளாஸ்டிங் வேலை செய்தவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனி இழை வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கல்நாரால் நுரையீரலில் தழும்பேறும் நோய் வேறு, பாறைத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் வேறு, மூச்சுக்குழல் அடைபடும் சிஓபிடி வேறு. முதல் இரண்டிலும் நுரையீரல் விறைத்துப்போகிறது. மூன்றாவதில் காற்று வெளியேற வழி குறுகிவிடுகிறது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், பாறைத் தூசி சிலிக்கோசிஸ் இல்லாமலேயே அடைப்பையும் உண்டாக்கலாம். கல்நார் நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவது 1989இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் அதை இழுத்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

கல்நார் நோயும் சிலிக்கோசிஸும் வேலை சார்ந்த நோய்களாகப் பட்டியலிடப்பட்டவை. கண்டறியும் மருத்துவர் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு அவருக்கு முதலில் நம் பழைய வேலை தெரிந்திருக்க வேண்டும்.

11 மார்ச் 2025

எத்தனை சிகரெட், எத்தனை ஆண்டு என்பதை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருந்தார்கள். 20 குச்சி கொண்ட ஒரு பெட்டியை நாள்தோறும் ஓராண்டு பிடித்தால் ஒரு பெட்டி-ஆண்டு. நாளுக்கு 10 குச்சி, 28 ஆண்டுகள் என்றால் 14. என் கணக்கு அதுதான்.

11 மார்ச் 2025, இரவு

மேலே எழுதிய என் கணக்கு தவறு. மனைவி படித்துவிட்டுத் திருத்தினார். 1979இல் மூத்த மகள் பிறந்ததிலிருந்து 1990இல் நான் பிரிவு மாறும் வரை இரவு வேலை அதிகம். அந்த 11 ஆண்டுகளும் ஒரு பெட்டி முழுதாகக் காலியானது, வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே 1970 முதல் 9 ஆண்டுகளுக்கு 4.5, அடுத்த 11 ஆண்டுகளுக்கு 11, கடைசி 8 ஆண்டுகளுக்கு 4, மொத்தம் 19.5. மருத்துவரிடம் ஆறு ஆண்டுகளாக 14 என்றே சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை மாற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கணக்கைப் போடும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

16 மார்ச் 2025

புகையையே தொடாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். என் அக்காவின் கணவர், அத்தானுக்கு இப்போது 79 வயது. சிகரெட், சுருட்டு, பீடி எதுவும் கிடையாது. அவருக்கும் சிஓபிடிதான், என்னுடையதைவிடக் கடுமையானது. குடும்பத்தில் யாராலும் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடுத்தவர் பிடித்த புகைதான் காரணம் என்று அக்கா என் மேலேயே கோபப்பட்டார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், நான் அவர் எதிரே உட்கார்ந்து புகைத்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய.

ஆனால் அவரைக் கவனித்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டபோது இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. பதின்ம வயதில் அவருக்குக் காசநோய் வந்து, ஓராண்டுக்கு மேல் சிகிச்சை எடுத்துக் குணமானவர். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் கயரோகம் இல்லாத தெரு இல்லை. 1947இல் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டதே நெரிசலான கடைவீடுகளில் அது பரவிய வேகத்தைப் பார்த்துத்தான். மருந்து கிருமியைக் கொல்லும். கிருமி விட்டுச் சென்ற தழும்பும் சுருங்கிய மூச்சுக்குழலும் அப்படியே இருக்கும். லத்தீன் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில் 40 வயதைக் கடந்தவர்களை ஊதவைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு காசநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அடைப்பு இருந்தது. வராதவர்களில் அது 14 விழுக்காடு. பெண்களைவிட ஆண்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. மெக்சிகோவிலும் சாவ் பாவ்லோவிலும் கண்ட எண்கள்தான். ஆனால் அத்தானின் தலைமுறையில் அந்த நோய் பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, அவர் 31 ஆண்டுகள் உணவுக் கடையில் சமையல்காரர். முதல் பத்து ஆண்டுகள் விறகும் கரியும், பிறகு எரிவாயு. அடுப்புப் புகையைப் பற்றி எழுதுபவர்கள் பெண்களை நினைத்து எழுதுகிறார்கள், அது நியாயமே. ஊர்ப்புறத்தில் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் நம் கடைகளில் அடுப்படியில் நின்றவர்கள் ஆண்கள். அதை யாரும் புகை என்று கணக்கில் எடுப்பதில்லை.

17 மார்ச் 2025

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. சிஓபிடிக்கான உலக வழிகாட்டுக் குழுவான கோல்ட், 2023இல் இந்நோயைக் காரணப்படி வகை பிரித்தது. மரபணு, சிறுவயதில் நுரையீரல் சரியாக வளராமை, சிகரெட், காற்று மாசும் அடுப்புப் புகையும், காசநோய் போன்ற தொற்று, ஆஸ்துமா, காரணம் அறியாதது என்று அந்தப் பிரிவுகள் போகின்றன. அத்தானை எதில் வைப்பது என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். இரண்டில் வைக்கலாம் என்றார்.

30 மார்ச் 2025

கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வரும் எடைக்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். எடையில் சமம் என்பதற்கும் கெடுதலில் சமம் என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு சுருளை ஏற்றினால் 100 சிகரெட் பிடித்ததாகாது. ஆனால் படுக்கையறைச் சன்னலைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் ஏற்றி வைப்பது, ஏற்கெனவே மூச்சுத்திணறல் உள்ள ஒருவருக்குச் செய்யக்கூடிய காரியம் இல்லை. வலை கட்டுங்கள்.

சாம்பிராணியை என் வீட்டில் இப்போதும் வெள்ளிக்கிழமை போடுகிறோம். வாசற்கதவையும் சன்னல்களையும் திறந்து வைத்து, நான் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். ஊதுவத்திப் புகை பற்றிய பெரிய சிங்கப்பூர் ஆய்வு 2008இல் வந்தது. அது சீனர்களிடையே மூச்சுப் பாதைப் புற்றுநோயைப் பார்த்த ஆய்வு. அதைக் கொண்டுவந்து சிஓபிடிக்குச் சான்றாக வைக்கக் கூடாது.

2 ஏப்ரல் 2025

4 மார்ச் குறிப்பில் 0.70 என்ற எல்லையை எல்லாருக்கும் பொதுவானதாக எழுதிவிட்டேன். அந்த விகிதம் வயதோடு இயல்பாகவே குறைகிறது. ஆகவே 75, 80 வயது ஆண்களில் நோயில்லாத சிலரும் 0.70க்குக் கீழே விழுவார்கள். 0.68 என்று வந்ததும் பதறிவிடாமல், வயதுக்குரிய கீழ் எல்லை எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரே உயரமுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர்களுக்கு நுரையீரலின் கொள்ளளவு சராசரியாகக் குறைவு. எதிர்பார்க்கும் அளவில் எத்தனை விழுக்காடு என்று தாளில் வரும் எண், எந்த அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறும். விகிதம் அவ்வளவு மாறாது.

21 ஜூன் 2025

இன்றைய தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2013இல் இதே நாள் நண்பகலில், காற்று மாசைக் காட்டும் 3 மணி நேர பிஎஸ்ஐ குறியீடு சிங்கப்பூரில் 401ஐத் தொட்டது. எதிர்ப் புளோக் தெரியவில்லை. சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலம் எரிந்த வாடை துணியில்கூட ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது 60 வயது. இரண்டு வாரம் விடாமல் இருமினேன். எல்லாருந்தான் இருமுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். புகைமூட்டம் போன பிறகும் மற்றவர்களின் இருமல் நின்றது, என்னுடையது நிற்கவில்லை. மூச்சுக்கோளாறு 2015இல் தொடங்கியது என்று முதல் குறிப்பில் எழுதியிருக்கிறேன். உண்மையில் அது 2013இலேயே தலைகாட்டிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

புகைமூட்டமா நோயை உண்டாக்கியது என்று என் மகள் கேட்டாள். இல்லை. சில வாரப் புகைமூட்டம், ஏற்கெனவே குறுகிய மூச்சுக்குழலைச் சீண்டி நோயை வெளியே கொண்டுவரும், மருத்துவமனைக்கு அனுப்பும். நோய்க்குக் காரணமாகக்கூடியது, ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் சுவாசிக்கும் பிஎம் 2.5 நுண்துகள். அது 2014 ஏப்ரலில்தான் பிஎஸ்ஐ கணக்கில் சேர்க்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதன் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று எல்லையை இறுக்கியது. பெருநகரங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். என்95 கவசம் மூச்சுக்குத் தடையைக் கூட்டும். மூச்சுத்திணறல் உள்ள முதியவருக்கு அதை மாட்டி வெளியே அனுப்புவதைவிட, வீட்டிலேயே இருக்கச் செய்வது மேல். போட்டே ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6 ஜூலை 2025

நாற்பது ஆண்டு புகைத்தும் ஒன்றும் ஆகாத நண்பர் இருக்கிறார், எனக்கு மட்டும் ஏன் என்று ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வியை நானும் பல இரவுகள் கேட்டுக்கொண்டது உண்டு.

இருபத்தைந்து வயதில் எவ்வளவு உயரத்தில் நின்றோம் என்பது ஒரு பெரிய காரணம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பின்னாளில் சிஓபிடி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேய்ந்திருக்கவில்லை என்று கண்டது. அவர்கள் இளவயதிலேயே குறைந்த வலுவோடு தொடங்கியவர்கள். இயல்பான தேய்மானமே அவர்களை நோயின் எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டது. குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு, சிறுவயது நிமோனியா, ஆஸ்துமா, அம்மா அப்பாவின் சிகரெட், பசி ஆகியவை நுரையீரல் வளர்வதைத் தடுக்கின்றன. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1945க்கும் இடையே, மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள் நம் மூத்தவர்கள். அதற்குப் பின் பிறந்த நாங்களும் ஒரே அறையில் எட்டுப் பேர், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு என்றுதான் வளர்ந்தோம். எனக்கு ஐந்து வயதில் கடுமையான நிமோனியா வந்து பிழைத்ததை அம்மா அடிக்கடி சொல்வார். அதை ஓர் அதிசயக் கதையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் நண்பரோடு உங்களை ஒப்பிட்டு நொந்துகொள்ள வேண்டாம். அவர் எங்கே தொடங்கினார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

7 ஜூலை 2025

மஞ்சள் நுரையீரலுக்கு நல்லது என்று ஆய்வு உண்டாமே என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், அப்படி ஓர் ஆய்வு இங்கேயே நடந்தது. சிங்கப்பூரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், 55 வயதைக் கடந்த சீனர்களிடம் மஞ்சள் சேர்ந்த கறிக்குழம்பு சாப்பிடும் பழக்கத்தைக் கேட்டு, நுரையீரலை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். அதைச் சாப்பிடுபவர்களின் நுரையீரல் அளவு நன்றாக இருந்தது, குறிப்பாகப் புகைத்தவர்களிடம். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்த்த ஆய்வு, எது எதனால் என்று அது சொல்லாது. நாள்தோறும் மூன்று வேளை மஞ்சள் போட்டுச் சாப்பிட்ட எனக்கும் அத்தானுக்கும் நோய் வந்திருக்கிறது. சாப்பிடுங்கள், இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

இன்ஹேலர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டியோட்ரோபியம் வகை மருந்தை எடுக்கும் ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் தடைபடக்கூடும். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அத்தான் மூன்று வாரம் சொல்லாமல் இருந்து துன்பப்பட்டார். 65 வயதைக் கடந்தவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் நிமோகாக்கல் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ள வேண்டும், மெடிசேவில் இடமுண்டு. ஒரு தொற்று இறக்கும் இறக்கத்திலிருந்து பல பேர் பழைய நிலைக்கு ஏறுவதே இல்லை.

20 ஜூலை 2025

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். நான்கு மாதமாக அவர் என்ன செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். அப்பாவை ஊத வைத்துப் பார்த்ததில், மருந்துக்குப் பிறகும் 0.58. அந்த எண்ணைவிட எனக்கு மனத்தைத் தொட்டது வேறு. மார்ச் 9 குறிப்பை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாராம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேருந்து ஓட்டுநர் ஆவதற்கு முன், 1968 முதல் 1975 வரை, புக்கித் தீமா பக்கத்தில் ஒரு கல்லுடைப்புக் குவாரியில் வேலை பார்த்ததைச் சொன்னாராம். பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது. அம்மாவுக்கும் பாதிதான் தெரியும், திருமணத்துக்கு முன் நடந்தது. எந்த மருத்துவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது மருத்துவர் சிடி ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்.

ஸ்கேன் நாளுக்கு முன் அப்பாவிடம் இவற்றைக் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாறையில் துளையிடும்போது தண்ணீர் விட்டார்களா, உலர்வாகவே துளைத்தார்களா? கல் நொறுக்கும் இயந்திரத்துக்கு அருகில் நின்றாரா, லாரியில் ஏற்றும் இடத்தில் நின்றாரா? நொறுக்கும் இடத்தில்தான் தூசி அதிகம். நாளுக்கு எத்தனை மணி நேரம்? அப்போதோ அதற்குப் பிறகோ காசநோய் என்று யாராவது சொல்லி மாத்திரை கொடுத்தார்களா? பாறைத் தூசி தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதாகப் பிடிக்கும் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவரோடு அங்கே வேலை பார்த்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள். அவர்களும் இப்போது எங்கேயாவது ஒரு மேம்பாலப் படியில் நின்றுகொண்டிருக்கலாம்.